ரோடு முதல்ல, பால்வாடி அப்புறம்

எங்கள் தெரு பால்வாடிக்குள் போக ஒரு காலத்தில் மூன்று படி ஏற வேண்டும். அம்மா அங்கே டீச்சராகச் சேர்ந்தது 1988-ல். எனக்கு அப்போது நாலு வயசு. மேல்படியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. சத்துமாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற மாட்டுவண்டியைப் பார்த்தபடி காலை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு எத்தனை தடவை ரோடு போட்டார்கள் என்பதை அந்தப் படிகளை வைத்தே சொல்லிவிடலாம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல், அதன் மேலேயே ஜல்லியையும் தாரையும் கொட்டி ரோலரை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் தடவை கீழ்ப்படி புதைந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கடலூரைப் புரட்டிப்போட்ட பிறகு போட்ட ரோட்டில் இரண்டாவது படி போயிற்று. 2015 வெள்ளத்துக்குப் பிறகு மூன்றாவதும் போய், வாசலும் தெருவும் ஒரே மட்டம். கடைசியாகப் போட்டதில் தெரு மேலே, பால்வாடி கீழே. இப்போது பிள்ளைகள் இறங்கித்தான் உள்ளே போகிறார்கள். அரை மணி நேரம் மழை பிடித்தால் தெருத் தண்ணீர் அத்தனையும் அவர்கள் படுக்கிற பாய்க்கு வந்துவிடும். சத்துமாவு மூட்டையை நாலு செங்கல் அடுக்கி அதன் மேல்தான் வைப்பாள் அம்மா. சுவரில் எடைத் தராசு தொங்கும் கொக்கிக்குக் கீழே, ஒவ்வொரு மழைக்காலமும் விட்டுப்போன தண்ணீர்க் கோடு ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருந்தார். எங்கள் தெருவில் அது நடக்கவில்லை.

வேலையில் இருந்த காலம் முழுக்க அம்மா அந்தக் கட்டடத்துக்காக மனு எழுதினாள். யார் பதவிக்கு வந்தாலும், எந்தக் கட்சிக்காரர் தெருவுக்கு வந்தாலும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "முதல்ல ரோடு முடியட்டும்மா. பால்வாடிய அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த 'அப்புறம்' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பல வருஷம் காதில் விழுந்த சொல். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது, அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடந்த ஓர் இழுபறியைப் பார்த்த பிறகுதான்.

2021 செப்டம்பர் கடைசி. சியாட்டிலில் இருக்கிற சித்தி பையன் வீடியோ காலில் வந்தான். அங்கே விடியற்காலை. மடியில் இரண்டு வயசுப் பெண் குழந்தை. அவன் மனைவி பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பலாமா வேண்டாமா என்று இரண்டு வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தர் சம்பளம் அப்படியே டே கேருக்குப் போயிடும்க்கா. பெரியம்மா மாதிரி ஒரு பால்வாடி டீச்சர் இந்தத் தெருவுல இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அமெரிக்காவில் பால்வாடி இல்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க நாடு முழுவதற்குமான சட்டம் அங்கே இல்லை, 1993-ல் வந்த சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வாரம்தான், அதுவும் எல்லோருக்கும் கிடையாது என்று அவன் சொன்னதும் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்போதுதான் அவன் தன் தொகுதி உறுப்பினரைப் பற்றிச் சொன்னான். பிரமிளா ஜெயபால். 1965-ல் சென்னையில் பிறந்தவர். பதினாறு வயதில் தனியாகப் படிக்கப் போனவர். 2016-ல் சியாட்டிலிலிருந்து கீழவைக்குத் தேர்வானார். அந்த நேரத்தில் ஆளும் ஜனநாயகக் கட்சிக்குள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட முற்போக்குக் குழுவுக்கு அவர்தான் தலைவர். "ரோடு மசோதாவ நிறுத்தி வெச்சிருக்காங்கக்கா. பிள்ளைங்களுக்கான மசோதாவும் கூடவே வந்தாதான் ஓட்டுப் போடுவோம்னு உட்கார்ந்துட்டாங்க."

அன்றிலிருந்து நான் அந்தச் செய்தியை விடாமல் படித்தேன். நடந்தது இதுதான்.

அதிபர் பைடன் முன்வைத்தவை இரண்டு திட்டங்கள். ஒன்று ரோடு, பாலம், ரயில், குடிநீர்க் குழாய், இணைய வசதிக்கானது. மொத்தம் சுமார் 1.2 லட்சம் கோடி டாலர், அதில் புதுப் பணம் 55,000 கோடி டாலர். இதை 2021 ஆகஸ்ட் 10 அன்று மேலவையான செனட் 69-க்கு 30 என்று நிறைவேற்றியது. எதிர்க்கட்சியிலிருந்தே 19 பேர் ஆதரித்தார்கள். மற்றது குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் பருவநிலைக்குமானது. பத்து ஆண்டுகளுக்கு 3.5 லட்சம் கோடி டாலர் என்று தொடங்கியது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச முன்பருவக் கல்வி, பெரும்பாலான குடும்பங்களுக்கு டே கேர் செலவு வருமானத்தில் 7 சதவீதத்தைத் தாண்டாதபடி உதவி, சம்பளத்தோடு குடும்ப விடுப்பு, வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மேலான கூலி. இதற்கு எதிர்க்கட்சியில் ஓர் ஓட்டும் கிடையாது. செனட்டில் 50-க்கு 50 என்ற நிலை, துணை அதிபரின் ஓட்டோடுதான் இது நிறைவேறும். ஆளுங்கட்சியில் ஒருவர் முடியாது என்று தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

அந்த ஒருவர் மேற்கு வர்ஜீனியாவின் செனட் உறுப்பினர் ஜோ மான்சின். 1.5 லட்சம் கோடிக்கு மேல் போக மாட்டேன் என்று ஜூலையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தவர்.

ஜெயபாலின் நிலைப்பாடு எளியது. ரோட்டுக்கு எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள், அது தானாக நடந்துவிடும். பிள்ளைகளுக்கான மசோதாவுக்கு அந்த ஆதரவு கிடையாது. ஆகவே ரோட்டையும் பிள்ளைகளையும் ஒரே கயிற்றில் கட்டு. ரோடு முன்னால் போய்விட்டால் பின்னால் இருப்பதை இழுக்க யாரும் இருக்க மாட்டார்கள். செப்டம்பர் கடைசியில் நடக்க வேண்டிய ஓட்டெடுப்பை அவர் குழு தள்ளிவைக்க வைத்தது. அக்டோபர் 1 அன்று அதிபரே நாடாளுமன்றத்துக்கு வந்து பேசினார். அக்டோபர் கடைசியில் மறுபடியும் தள்ளிப்போனது. பத்திரிகைகளில் பலர் ஜெயபாலை வேலையைக் கெடுக்கிறவர் என்று எழுதினார்கள்.

நான் அவர் பக்கம். இன்றைக்கும் அவர் பக்கம்தான். அதற்குக் காரணத்தை என் தொழிலிலிருந்து சொல்கிறேன்.

மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பதினேழு வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். ஓட்டல்காரர் கிரைண்டர் வாங்கினால் அது சொத்துப் பக்கம் போகும். மாவாட்டுகிற அம்மாவுக்குக் கொடுக்கிற சம்பளம் செலவுப் பக்கம் போகும். கணக்குக்கு அது சரிதான், அப்படித்தான் எழுத வேண்டும். அரசாங்க பட்ஜெட்டிலும் இதே பிரிவுதான்: ரோடும் பாலமும் மூலதனச் செலவு, டீச்சர் சம்பளமும் முட்டையும் சத்துமாவும் வருவாய்ச் செலவு. கோளாறு இதற்கு அடுத்த படியில் வருகிறது. மூலதனம் என்று பேர் வைத்ததெல்லாம் நாட்டை வளர்ப்பது, வருவாய்ச் செலவு என்று பேர் வைத்ததெல்லாம் வீணாகக் கரைவது என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். எந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்பதற்கான விதி, எது உயர்ந்தது என்பதற்கான தீர்ப்பாக மாறிவிடுகிறது. எந்த ஓட்டல்காரரும் மாவாட்டுகிற அம்மா வீண், கிரைண்டர் மட்டும் போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

தேய்மானம் என்று ஒன்று கணக்கில் உண்டு. சொத்தின் மதிப்பு வருஷா வருஷம் குறைந்துகொண்டே வரும். எங்கள் தெரு ரோடு இரண்டு மழைக்குத் தாங்காது. அம்மாவிடம் எடை குறைவாக வந்து, முட்டையும் மாவும் தின்று தேறிப் போன ஒரு பையன் இன்று ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். வருஷா வருஷம் என்னிடம்தான் அவன் கணக்கு வருகிறது. அவனுக்குச் செய்த செலவை எந்தப் பத்தியில் எழுதுவது?

நம் நாட்டு விதிகளும் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி. அதை நிலைத்து நிற்கிற சமூகச் சொத்துகளுக்குத்தான் செலவிட வேண்டும். கட்டடம் கட்டலாம், உள்ளே வேலை செய்கிற ஆயாவுக்குச் சம்பளம் போட முடியாது. கல்வெட்டில் பேர் வரும் வேலைக்குத்தான் பணம். கல்வெட்டு வைக்க முடியாத வேலைக்கு யாரும் போராட மாட்டார்கள்.

அங்கன்வாடி 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம். அதில் வேலை பார்க்கிற பெண்களுக்கு மத்திய அரசு கொடுப்பதற்குப் பேர் சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம். ஏதோ பொழுதுபோகாமல் சேவை செய்ய வந்தவர்களுக்குக் கொடுப்பதைப் போல. அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2022 ஏப்ரலில்தான். தமிழ்நாட்டில் 'சிறப்புக் காலமுறை ஊதியம்' என்று கொஞ்சம் கௌரவமான பேர். அம்மா அந்தப் பேரை ஒவ்வொரு போராட்டத்துக்குப் போய் வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருப்பாள். சியாட்டிலில் முதியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, படுக்கையை மாற்றுகிற பெண்களுக்கு அந்த மசோதா கூலியை உயர்த்தப் பார்த்தது என்று படித்தபோது எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது.

மான்சின் சொன்ன காரணத்தை நான் உதறித்தள்ளவில்லை. விலைவாசி ஏறுகிறது, கடன் ஏறுகிறது என்றார். அந்த நவம்பரில் அமெரிக்காவில் விலைவாசி ஓராண்டில் 6.8 சதவீதம் ஏறியிருந்தது. ஏழை பாழையைத்தான் அது முதலில் கடிக்கும். கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும் என்பதைக் கணக்கு எழுதுகிற எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அதே கவலை ரோட்டு மசோதாவுக்கு ஏன் வரவில்லை? அடுத்த பத்தாண்டில் அதுவும் 25,000 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறையைக் கூட்டும் என்று அவர்களுடைய நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகமே மதிப்பிட்டிருந்தது. அதைத் தூக்கிச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். பிள்ளைகளுக்கு என்றால் மட்டும் கடன் பயம் வருகிறது என்றால், பயம் கடனைப் பற்றியது இல்லை.

இங்கேயும் அதே பேச்சுதான். 2022 ஜூலை 16 அன்று உத்தரப் பிரதேசத்தில் 296 கிலோமீட்டர் புந்தேல்கண்ட் விரைவுச்சாலையைத் திறந்துவைத்த மேடையில்தான் பிரதமர், 'ரேவடி' மிட்டாயைப் பங்கு போடுவதைப்போல இலவசம் கொடுக்கும் கலாசாரம் நாட்டுக்கு ஆபத்து என்றார். சாலை ஒரு பக்கம், இலவசம் ஒரு பக்கம். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, 2021 மேயிலிருந்து. தேவனாம்பட்டினத்திலிருந்து மீன்கூடையோடு வருகிற அம்மா அந்தப் பஸ்ஸில் ஏறித்தான் மஞ்சக்குப்பத்துக்கு வியாபாரத்துக்கு வருகிறார். பஸ் ஓடுகிற ரோடு முதலீடாம், அவர் ஏறுகிற டிக்கெட் இலவசமாம். ஏற ஆள் இல்லாத ரோட்டை வைத்து என்ன செய்வது?

எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் பணம் எங்கே என்றுதான் கேட்டார்கள். அதற்கு முன்னால் 1956-ல் காமராஜரிடமும் கேட்டார்கள். இரண்டு பேருமே 'ரோடு முடியட்டும்' என்று சொல்லவில்லை. 2001 நவம்பரில் நாடு முழுக்கப் பள்ளிகளில் சமைத்த சாப்பாடு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு மேலாகவே தட்டோடு வரிசையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

சரி, ஜெயபாலின் கதைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு மனசு கஷ்டம்.

நவம்பர் 2 அன்று வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் அவர் கட்சி தோற்றது. எதையும் நிறைவேற்றாததால்தான் தோற்றோம் என்று கட்சிக்குள் கூச்சல். நெருக்கடி அவர் குழுவின் தலையில் விழுந்தது. நவம்பர் 5 இரவு, தயங்கிக்கொண்டிருந்த மிதவாத உறுப்பினர்கள், செலவு மதிப்பீடு வந்ததும் அடுத்த மசோதாவையும் ஆதரிப்போம் என்று ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதை நம்பி ஜெயபால் கயிற்றை அவிழ்த்தார். ரோட்டு மசோதா 228-க்கு 206 என்று நிறைவேறியது. ஆளுங்கட்சியில் ஆறு பேர் மட்டும், இரண்டும் சேர்ந்து வராமல் ஓட்டில்லை என்று எதிர்த்துப் போட்டார்கள். நவம்பர் 15 அன்று பைடன் கையெழுத்துப் போட்டார்.

எழுதிக் கொடுத்தவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், அதையும் சொல்ல வேண்டும். நவம்பர் 19 அன்று கீழவையில் பிள்ளைகளுக்கான மசோதா 220-க்கு 213 என்று தேறியது. ஆனால் அந்தத் தாளில் மான்சினின் கையெழுத்து இல்லை. டிசம்பர் 19, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சிப் பேட்டியில் தன்னால் ஓட்டுப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்தது. 2022 ஆகஸ்டில் சுருங்கிய ஒரு சட்டம் வந்தது. பருவநிலைக்கும் மருந்து விலைக்கும் நல்லது செய்தது. முன்பருவக் கல்வி, டே கேர், குடும்ப விடுப்பு எதுவும் அதில் இல்லை.

ஜெயபாலைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் இன்னும் ஒரு மாதம் பிடித்திருந்தால் மான்சின் இறங்கி வந்திருப்பாரா, ரோடும் சேர்ந்து போயிருக்குமா, யாரால் சொல்ல முடியும்? ஈயம் கலந்த பழைய குடிநீர்க் குழாய்களை மாற்றுகிற பணமும் அதே ரோட்டு மசோதாவுக்குள்தான் இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடிப்பதும் பிள்ளைகள்தான். ஆனால் அவர் செப்டம்பரில் சொன்னது அப்படியே பலித்தது. ரோடு போன பிறகு இழுக்க யாரும் இல்லை.

அதில் ஒரு கணக்கை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. 2021 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை அமெரிக்கக் குடும்பங்களுக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 300 டாலரும் அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 250 டாலரும் நேராக வங்கிக் கணக்குக்குப் போனது. அதை நீட்டிக்க வேண்டியதும் பிள்ளைகளுக்கான அந்த மசோதாதான். நீட்டிக்கவில்லை, நின்றுவிட்டது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடுகிற அவர்களுடைய அளவுகோலில் 2021-ல் பிள்ளைகளின் வறுமை 5.2 சதவீதம். 2022-ல் 12.4. ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல். மான்சினின் மாநிலம் அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்று. அங்கே புது ரோடும் வந்தது, பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த பணமும் நின்றது.

தம்பியின் மனைவி வேலைக்குத் திரும்ப மேலும் இரண்டு வருஷம் ஆனது. பள்ளிக்கூடம் திறந்து குழந்தை போன அன்றுதான் போனாள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரைபுரண்டு வந்தபோது, எங்கள் பால்வாடியில் இடுப்பளவு தண்ணீர். தராசுக்குக் கீழே இருந்த கோடுகள் எல்லாம் மூழ்கிப்போயின. தண்ணீர் வடிந்ததும் ஓய்வு பெற்றுவிட்ட அம்மா விளக்குமாற்றோடு போய்விட்டாள். இப்போது இருக்கிற டீச்சர் சின்னப் பெண். இரண்டு பேருமாகச் சேற்றை வாரினார்கள். பிள்ளைகளின் எடையும் உயரமும் எழுதிய அட்டைகள் ஊறி ஒட்டிக்கிடந்தன. அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் துணி காயப்போடுவதைப்போலக் காயப்போட்டாள்.

அந்த மாதம் ஒரு திங்கட்கிழமை, மனு நாளில், அம்மாவும் நானும் போனோம். மனுவை நான்தான் எழுதினேன். தெரு ரோட்டைப் பழைய மட்டத்துக்குச் சுரண்டி இறக்க வேண்டும், பால்வாடிக்குத் தரைமட்டம் உயர்த்திய புதுக் கட்டடம் வேண்டும். கட்டடத்தை மட்டும் உயர்த்தினால் அடுத்த ரோடு அதையும் முழுங்கிவிடும். ரோட்டை மட்டும் இறக்கினால் பழைய கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே வேலை என்று அடிக்கோடு போட்டிருந்தேன்.

மனு வாங்கிப் பதிவு செய்கிற இடத்தில் இருந்த தம்பி படித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். "மேடம், ஒரு மனுவுல ஒரு கோரிக்கைதான் இருக்கணும். ரோடு வேற டிபார்ட்மென்ட், அங்கன்வாடி வேற. ரெண்டா எழுதிக் குடுங்க. ரோடு மனுவ இன்னைக்கே குடுத்துடலாம், அது ஈசி. இத அப்புறம் பாத்துக்கலாம்."

நான் பதில் யோசிப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "பிரிச்சா ரோடு மட்டும்தான் தம்பி வரும்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் அதே மனுவை இன்னொரு பிரதி எடுத்தோம். மேலே துறையின் பேர் மட்டும் வேறு. உள்ளே ஒரு எழுத்தும் மாற்றவில்லை, இரண்டிலும் ரோடும் உண்டு, பால்வாடியும் உண்டு. அவரும் சரி என்று இரண்டுக்கும் தனித்தனியே ரசீது போட்டுக் கொடுத்தார். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு எண்களையும் வாய்விட்டுப் படித்தாள். பிறகு இரண்டு ரசீதையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.